சௌதாமினியின் நீல விரல்கள்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். சந்திரூரில் எந்த இறால் ஷெட்டில் போய் ரோசிலி என்று கேட்டாலும், ஆளை விட்டுவிட்டு முதலில் என் நாக்கைப் பற்றித்தான் சொல்வார்கள். அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. காலை ஐந்தரைக்கு ஐஸ் தண்ணீரில் கையை விட்டு, மத்தியானம் இரண்டு மணி வரைக்கும் இறாலின் தலையைத் திருகிக்கொண்டே இருப்பவளுக்கு வாயாவது சூடாக இருக்க வேண்டாமா? ஆனால் அதே வாயால் சௌதாமினி சேச்சியைச் சாகக் கொடுக்கப் பார்த்தேன். அதைச் சொல்லாமல் அவளைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது.

நானும் அவளும் பத்தொன்பது வருடம் ஒரே மேசையில் பக்கத்துப் பக்கத்தில் நின்றவர்கள். என்னைவிட இரண்டு வயது மூத்தவள், அதனால் எனக்குச் சேச்சி, அக்கா. கணவர் புஷ்கரன் சேட்டன் படகுத்துறையில் டிக்கெட் கிழிக்கிறார். பிள்ளைகள் இல்லை. மெலிந்த உடம்பு, நீளமான விரல். அந்த விரல் இறாலின் முதுகில் ஒரு தடவை ஓடினால் போதும், ஓடு ஒரு பக்கம், நரம்பு ஒரு பக்கம், சதை ஒரு பக்கம் என்று பிரிந்து விழும். பேச்சு குறைவு. பேசினால் பாதிப் பேச்சு நன்றி சொல்வதாக இருக்கும். பஸ் கண்டக்டர் மிச்சச் சில்லறையைக் கொடுத்தால்கூட, "பெரிய உபகாரம் மோனே" என்பாள். அவன் சில்லறையைத் தருவது அவன் கடமை, அதற்கெதற்கு உபகாரம் என்று நான் எத்தனையோ தடவை சண்டை போட்டிருக்கிறேன். சிரிப்பாள், அவ்வளவுதான்.

மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு நாள் ஷெட்டில் தலைக்கு வலைத்தொப்பி மாட்டிக்கொண்டிருந்தோம். எங்களில் மூத்தவளான பீவாத்து உம்மா, சேச்சியின் தொப்பியைக் கீழே இழுத்துவிட்டவள் அப்படியே கையை நிறுத்தினாள்.

"எடி சௌதாமினி, கழுத்துல இது என்ன, நெல்லிக்காயாட்டம்?"

"அது ரெண்டு மாசமா இருக்கு. வலிக்கல."

"வலிக்கலன்னா உனக்கு அது சொந்தக்காரனா? ஆஸ்பத்திரிக்குப் போ."

எறணாகுளத்து ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். ஆஸ்பத்திரி வாசனை பட்டாலே புஷ்கரன் சேட்டனுக்குத் தலை சுற்றும். கட்டியில் ஒரு துண்டு எடுத்தார்கள், எலும்புக்குள் ஊசி போட்டு மஜ்ஜை எடுத்தார்கள், பத்து நாள் கழித்து டாக்டர் ஷெரின் எங்களை உட்கார வைத்து லிம்போமா என்றார். அதுவும் ஒரு வகைப் புற்றுநோய்தான், ஆனால் இது மெதுவாக நகரும் வகை, இப்போதைக்கு மருந்து வேண்டாம், மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வந்து காட்டினால் போதும், பார்த்துக்கொண்டே இருப்போம் என்றார். நல்ல மனுஷி. கையைப் பிடித்துக்கொண்டுதான் பேசினார்.

ஷெட்டுக்கு வந்து சொன்னபோது பீவாத்து உம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "புற்றுநோய்ங்கிறா, மருந்து வேண்டாங்கிறா. அவ என்ன டாக்டரா, சினிமா பாக்க வந்தவளா?" என்றாள்.

"பொறுமையாப் பாத்துக்குவோம்னு சொன்னாங்க உம்மா. எனக்கு அதுவே பெரிய ஆறுதல்," என்றாள் சேச்சி.

எங்கள் ஷெட்டில் ஒரு வழக்கம் உண்டு. ஒருத்திக்கு உடம்புக்கு முடியாமல் போனால் மற்றவர்கள் அவள் பக்கமாகப் போகும்போது, உரித்த இறாலில் ஒரு பிடி எடுத்து அவளுடைய அலுமினியப் பேசினில் போட்டுவிட்டுப் போவார்கள். கேட்க மாட்டார்கள், முகத்தைப் பார்க்க மாட்டார்கள். எடைக்குத்தான் கூலி, எடை போடும் இடத்தில் அவளுடைய பேசின் குறைந்து நிற்கக் கூடாது. எனக்குக் கருப்பை எடுத்தபோது ஆறு வாரம் எனக்குப் போட்டார்கள். சேச்சிக்குக் கழுத்தில் தையல் போட்டிருந்த நாட்களில் நாங்கள் பதினொரு பேரும் போட்டோம். அவள் ஒவ்வொரு பிடிக்கும் தலையைக் குனிந்துகொள்வாள். காயம் ஆறியதும், "போதும், இனிமே யாரும் போடாதீங்க, எனக்குக் கை நல்லா இருக்கு" என்று சொல்லிப் பழையபடி எல்லாரையும்விட வேகமாக உரித்தாள்.

இரண்டு வருடம் அப்படியே ஓடியது. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை நானும் அவளும் பஸ் ஏறுவோம். டாக்டர் ஷெரின் ஒவ்வொரு தடவையும் அதே நாலு கேள்வியைக் கேட்பார். காய்ச்சல் வருகிறதா, ராத்திரியில் துணி நனைய வேர்க்கிறதா, எடை குறைகிறதா, புதிதாகக் கட்டி ஏதாவது இருக்கிறதா. நாலுக்கும் சேச்சி இல்லை என்பாள். பிறகு டாக்டர், "வேற ஏதாவது இருக்கா? சின்ன விஷயமா இருந்தாலும் சொல்லுங்க" என்று கேட்பார். "வேற ஒண்ணும் இல்ல டாக்டர், பெரிய உபகாரம்" என்று எழுந்துவிடுவாள். அந்த நாலு கேள்வியையும் அவள் செபம் மாதிரி மனப்பாடம் பண்ணி வைத்திருந்தாள். தன் நோய் அந்த நாலில்தான் வரும், வேறு வழியில் வராது என்று நினைத்துவிட்டாள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

போன வருடம் மழை சீக்கிரம் பிடித்துக்கொண்டது. வைகாசியிலேயே தொடங்கியது, எங்கள் கர்க்கடகத்தில், அதாவது ஆடியில்கூட, விடவே இல்லை. ஷெட்டின் தகரக் கூரை நாள் முழுக்கத் தடதடத்தது. அப்படி ஒரு காலையில் லோடு தாமதமாக வந்தது. நாங்கள் ஒன்றரை மணி நேரம் சும்மா நின்றோம். வந்த இறாலும் பொடி. எனக்கு ஆத்திரமாக இருந்தது. அந்த நேரம் பார்த்துச் சேச்சி தன் கையைத் தண்ணீரிலிருந்து எடுத்து என் முன்னால் நீட்டினாள்.

"ரோசிலி, இங்க பாரேன். என் விரல் ஏன் இப்படி இருக்கு?"

"எப்படி இருக்கு?"

"நீலமா இருக்குடி. கொஞ்ச நாளாவே இப்படி ஆகுது."

நான் ஒரு பார்வை பார்த்தேன். அதைப் பார்வை என்று சொல்லவும் கூடாது. "ஐஸ்ல கையை விட்டா நீலமாகாம பின்ன செம்பருத்தியா பூக்கும்? என் கையப் பாரு, இது மட்டும் என்ன மகாராணி கையா? எல்லாருக்கும் உள்ளதுதான் சேச்சி, வேலையப் பாரு," என்றேன்.

அவள் என் கையைப் பார்த்தாள். என் கை வெளுத்து, சுருங்கி, ஊறிப்போன அப்பளம் மாதிரி இருந்தது. ஷெட்டில் எல்லாக் கையும் அப்படித்தான் இருக்கும். யாருடைய கையும் நீலமாக இல்லை. அதை நான் கவனிக்கவில்லை. எங்களுக்குள் கையைப் பற்றிப் புகார் சொல்வது ஒரு மாதிரி குறைச்சல். விரல் இடுக்கில் புண் வந்தால் படிகாரம் கரைத்து ஊற வைப்போம், நகம் எரிந்தால் மிச்சக் கட்டஞ்சாயாவில், பால் விடாத டீயில், முக்கிக்கொள்வோம். கை வலிக்கிறது என்று வாயைத் திறந்து சொல்கிறவளை, "இவ கல்யாணப் பொண்ணு, மருதாணி வச்சுக்கட்டும்" என்று கேலி செய்வோம். அந்தக் கேலியில் முக்கால்வாசி என்னுடையதாகத்தான் இருக்கும்.

அன்றைக்குப் பிறகு அவள் கையைக் காட்டவே இல்லை. பழைய ரப்பர் கையுறையின் விரல்களை வெட்டிப் பத்து விரலிலும் மாட்டிக்கொண்டாள். பத்திலும் எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. டீ நேரத்தில் தம்ளரை இரண்டு உள்ளங்கையாலும் பொத்திக்கொண்டு, குடிக்காமல் ஆறும்வரை வைத்திருப்பாள். மூக்கு நுனியும் காது மடலும் கறுத்துத் தெரிந்தன. குளிர் என்றாள்.

அப்புறம் ஒரு நாள் கழிப்பறை வாசலில் வரிசையில் நிற்கும்போது பீவாத்து உம்மாவிடம் மெதுவாகச் சொல்லியிருக்கிறாள், மூத்திரம் சிவப்பாகப் போகிறது என்று. உம்மாவுக்கு எல்லாவற்றுக்கும் பதில் உண்டு.

"வீட்டுல குடிக்கிற தண்ணிக்கு எவ்வளவு பதிமுக மரச்சீவல் போட்டுக் காய்ச்சற?"

"ஒரு பிடி."

"ஒரு பானைக்கு ஒரு பிடி பதிமுகம் போட்டா ரத்தமாட்டம்தான் தண்ணி நிக்கும். மேல சிவப்பு போனா கீழயும் சிவப்புதான் வரும். அரைப்பிடி போடு."

சேச்சி அரைப்பிடி போட்டாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சுத்தமாகப் போயிற்றாம். திங்கட்கிழமை வந்து உம்மாவிடம் அதற்கும் நன்றி சொன்னாள். புதன்கிழமை மறுபடி சிவந்தது. கால் பிடியாகக் குறைத்தாள். எங்கள் ஊரில் பச்சைத் தண்ணீர் குடிக்கிறவர்கள் யாரும் இல்லை, பதிமுகம் போட்டுக் காய்ச்சாத வீடும் இல்லை. அப்புறம் சந்தேகம் எங்கிருந்து வரும்?

கண் மஞ்சளாயிற்று. மஞ்சள் காமாலை என்று புஷ்கரன் சேட்டன் தினமும் கீழாநெல்லி அரைத்துப் பாலில் கலக்கிக் கொடுத்தார். நடந்தால் மூச்சு வாங்கியது. கர்க்கடகத்தில் யாருக்குத்தான் உடம்பு சோராது என்று மருந்துக் கஞ்சி வைத்துக் குடிக்கச் சொன்னோம். விரலுக்கு ஐஸ், மூத்திரத்துக்குப் பதிமுகம், கண்ணுக்குக் காமாலை, மூச்சுக்கு மழை. ஒவ்வொன்றுக்கும் எங்களிடம் ஒரு காரணம் தயாராக இருந்தது. இதெல்லாம் ஒரே ஆளுடைய உடம்பில் நடக்கிறதே என்று சேர்த்துப் பார்க்க எங்களில் ஒருத்திக்கும் தோன்றவில்லை. அவளுக்கு உள்ளே ஒரு நோய் உட்கார்ந்திருக்கிறது என்று தெரிந்த பிறகும் தோன்றவில்லை.

அவள் கை தளர்ந்தது. பேசின் நிறையவில்லை. நாங்கள் மறுபடி ஒவ்வொரு பிடி போட ஆரம்பித்தோம். ஒரு நாள் நான் போட்டபோது அவள் கண்ணில் நீர் நின்றது.

"என்ன சேச்சி, ஆஸ்பத்திரிக்கு இன்னும் பன்னெண்டு நாள் இருக்கே, முன்னாலயே போவமா?" என்று கேட்டேன். நான் அவ்வளவாவது கேட்டேன் என்பதில் எனக்கு இப்போதும் ஒரு சின்ன ஆறுதல்.

"வேண்டாண்டி. எனக்குன்னு நீங்க எல்லாரும் எவ்வளவு செஞ்சிட்டீங்க. இனி விரல் நீலம், மூத்திரம் சிவப்புன்னு ஒவ்வொண்ணா சொல்லிக்கிட்டு உங்கள அலைய வைக்கவா? நாள் வரும்போது போவோம்."

அந்தப் பன்னிரண்டு நாளும் அவள் ஐஸில்தான் நின்றாள்.

குறித்த நாளிலும் மழை. பஸ்ஸிலிருந்து இறங்கி ஆஸ்பத்திரி வாசல் போவதற்குள் இரண்டு பேரும் நனைந்துவிட்டோம். ரத்தம் எடுக்கும் இடத்தில் ஏசி. அங்கே பேபி சேட்டன் என்று ஒருவர் இருந்தார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும், பெரிய மீசை, மெதுவான ஆள். ரத்தம் எடுத்தார். டாக்டரைப் பார்க்க இன்னும் நேரம் இருந்தது. அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்தோம். அரைமணியில் அவரே வந்து, "சேச்சி, ரத்தம் கட்டிப்போச்சு. என் தப்பாத்தான் இருக்கும். இன்னொரு தடவ எடுத்துக்கட்டுமா?" என்றார்.

சேச்சி உடனே கையை நீட்டினாள். நன்றி வேறு சொன்னாள்.

மறுபடி அரைமணி. மறுபடி அவர் வந்தார், கையில் ரத்தக் குழாயோடு. எனக்குப் பொறுமை போய்விட்டது.

"ரெண்டு தடவ குத்தியாச்சு. இருக்கிறதே கொஞ்சம் ரத்தம். மூணாவது குத்தணும்னா உங்க கையில குத்திக்கங்க," என்றேன்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "மூணாவது வேண்டாம். மெஷின் இந்த ரத்தத்தச் சரியா எண்ண மாட்டேங்குது. கணக்கு கன்னாபின்னான்னு வருது. நீங்க இதப் பாருங்க," என்று குழாயைச் சாய்த்துக் காட்டினார். குழாயின் உள்பக்கத்தில் ரத்தம் திரிந்த பால் மாதிரி சின்னச் சின்னத் துணுக்காக ஒட்டியிருந்தது. அவர் குழாயை உள்ளங்கைக்குள் வைத்து மூடிக்கொண்டு எங்கள் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்துக் கையைத் திறந்தார். துணுக்கு ஒன்றும் இல்லை. ரத்தம் எண்ணெய் மாதிரி வழவழவென்று ஓடியது.

"சூடு பட்டா கரையுது. குளிர்ந்தா மறுபடி கட்டுது," என்றார். பிறகு சேச்சியைப் பார்த்து, "சேச்சிக்கு என்ன வேல?"

"இறால் உரிக்கிறது."

"ஐஸ் தண்ணியிலயா?"

"ஆமா."

"கையக் கொஞ்சம் காட்டுங்க."

சேச்சி கையைச் சேலைத் தலைப்புக்குள் இழுத்துக்கொண்டாள். அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். "இது எல்லாருக்கும் உள்ளதுதான்," என்றாள்.

என் வார்த்தை. அப்படியே ஒரு எழுத்து மாறாமல் அவள் வாயிலிருந்து வந்தது.

"இருக்கட்டும். எல்லாரோடதையும் அப்புறம் பாப்போம். முதல்ல உங்களோடதக் காட்டுங்க," என்றார் பேபி சேட்டன்.

நான்தான் அவள் கையைத் தலைப்பிலிருந்து வெளியே எடுத்தேன். ஏசியில் உட்கார்ந்திருந்த அந்த ஒரு மணி நேரத்தில் விரல்கள் இரண்டாவது கணுவரைக்கும் நாவற்பழ நிறத்தில் இருந்தன. அவர் என் கையையும் எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார். ஒரே ஷெட், ஒரே ஐஸ், ஒரே பத்தொன்பது வருடம். என் கை சாதாரணமாக இருந்தது. அப்போதுதான் நான் அவள் கையைப் பார்த்தேன்.

"மூத்திரம் எப்படிப் போகுது?" என்று கேட்டார்.

"பதிமுகத் தண்ணி குடிக்கிறோம், அதனால கொஞ்சம் சிவப்பா."

"பதிமுகம் நானும்தான் முப்பது வருஷமாக் குடிக்கிறேன் சேச்சி. எனக்குச் சிவக்கலையே. என்னைக்காவது வெள்ளையாப் போகுமா?"

"ஞாயித்துக்கிழமை மட்டும் சரியா இருக்கும்."

"ஞாயித்துக்கிழமை ஷெட் லீவா?"

சேச்சிக்கும் அப்போதுதான் விளங்கியது என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. பேபி சேட்டன் எழுந்து, வரிசை எல்லாவற்றையும் தாண்டி, எங்களை நேராக டாக்டர் ஷெரினின் அறைக்குள் கூட்டிக்கொண்டு போய்விட்டார். வரிசையில் இருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். என்னிடம் அவர்களுக்குச் சொல்ல ஒரு வார்த்தையும் இல்லை. என் வாழ்நாளில் அப்படி நடந்தது அன்றைக்குத்தான்.

டாக்டர் விளக்கினார். உள்ளே இருக்கும் லிம்போமாதான் ஒரு வேண்டாத சரக்கைச் செய்து ரத்தத்தில் கலக்கிறது. உடம்பு குளிரும்போது அந்தச் சரக்கு ரத்தத்தின் சிவப்பணுக்களைப் பிடித்துக் கட்டி ஒட்ட வைக்கிறது. விரல் நீலமாவது அதனால்தான். அப்படிப் பிடிபட்ட அணுக்கள் உடைந்து போகின்றன. அதுதான் கண்ணில் மஞ்சள், மூத்திரத்தில் சிவப்பு, மார்பில் மூச்சுத் திணறல். கட்டி ஒன்றும் பெரிதாகவில்லை, காய்ச்சல் இல்லை, ஆனாலும் இது அந்த நோயுடைய வேலைதான், அபூர்வமாக இப்படியும் வரும் என்றார். குழாயைச் சூட்டில் வைத்து மறுபடி எண்ணிப் பார்த்ததில் ஹீமோகுளோபின் பன்னிரண்டு இருக்க வேண்டிய இடத்தில் நாலரைதான் இருந்தது.

"நாலரையோட எப்படி நின்னு வேல செஞ்சீங்க?" என்று கேட்டார் டாக்டர்.

"இவங்க எல்லாரும் ஒவ்வொரு பிடி போட்டாங்க டாக்டர்," என்றாள் சேச்சி.

டாக்டருக்கு அது புரியவில்லை. எனக்குப் புரிந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அங்கேயே சேர்த்துக்கொண்டார்கள். ஏசி இல்லாத அறை, இரண்டு கம்பளி, கையுறை, காலுறை. ரத்தம் ஏற்ற வேண்டும், அதுவும் இன்றைக்கே, இதயம் தாங்காமல் போகலாம் என்றார்கள். ஆனால் அவள் ரத்தத்தை எந்த ரத்தத்தோடு வைத்துப் பார்த்தாலும் ஒட்டிக்கொள்கிறதாம், எது பொருந்தும் எது பொருந்தாது என்று சொல்ல முடியவில்லையாம். பேபி சேட்டன் குழாய்களை வெந்நீரில் வைத்து, சூடு ஆறாமல் பார்த்துக்கொண்டு, ஒவ்வொன்றாகச் சோதித்தார். நடுவில் ஒரு தடவை வெளியே வந்தார். நான் எழுந்து நின்றேன். தலையை மட்டும் ஆட்டிவிட்டு, இன்னும் இல்லை என்று மறுபடி உள்ளே போனார். அவருடைய சோற்றுப் பாத்திரம் மேசையில் திறக்காமலே இருந்தது.

அந்த மத்தியானம் நான் உட்கார்ந்திருந்த பெஞ்சு எனக்கு நரகம். கர்த்தரே, இவளை இந்த ஒரு தடவை விட்டுவிடு, இனிமேல் இந்த வாயைத் திறக்கவே மாட்டேன் என்று வேண்டினேன். வேண்டும்போதே இது நடக்கிற காரியம் இல்லை என்றும் எனக்குத் தெரியும். ஆகவே வேறு மாதிரி வேண்டினேன். திறந்தாலும் இன்னொருத்தியின் வலியை மூடுவதற்குத் திறக்க மாட்டேன் என்றேன். அதை இதுவரைக்கும் காப்பாற்றி வருகிறேன்.

நாலரை மணிக்குப் பேபி சேட்டன் வந்து, "கிடைச்சிருச்சு, ரெண்டு பை," என்றார். சூடாக்குகிற ஒரு சின்னப் பெட்டியில் ரத்தம் வரும் குழாயைச் சுற்றி, சொட்டுச் சொட்டாக ஏற்றினார்கள். புஷ்கரன் சேட்டன் துறையிலிருந்து ஓடி வந்திருந்தார். ஆஸ்பத்திரி வாசனைக்கு மயங்கி விழுகிற அந்த மனுஷன் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, ஏறுகிற ரத்தத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். விழவில்லை.

"கீழாநெல்லி அரைச்சுக் கொடுத்தேனே டாக்டர், அதனால ஏதாவது கெடுதலா?" என்று கேட்டார்.

"அதனால ஒண்ணும் ஆகல. ஆனா இன்னும் ஒரு வாரம் ஐஸ்ல நின்னிருந்தா என்ன ஆகியிருக்கும்னு என்னால சொல்ல முடியாது," என்றார் டாக்டர் ஷெரின். என்னைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மறுநாள் ஷெட் முடிந்ததும் பத்துப் பேரும் வந்து இறங்கினார்கள். கையில் பிளாஸ்க், வெந்நீர்ப் பை, கம்பளிக் காலுறை. பீவாத்து உம்மா தன் மகன் கல்ஃபிலிருந்து கொண்டுவந்த புலிப்படம் போட்ட போர்வையையும் ஒரு குரங்குத் தொப்பியையும் எடுத்து வந்திருந்தாள். அந்தத் தொப்பியை மாட்டி விட்டதும் சேச்சியின் மூக்கும் கண்ணும் மட்டும்தான் தெரிந்தன.

"இப்ப பாக்க எப்படி இருக்கா தெரியுமா? மலையேறப் போற சாமியாராட்டம் இருக்கா," என்றாள் உம்மா. சொல்லிவிட்டு அவளே அழுதாள். "பதிமுகத்தக் குறைன்னு சொன்னேனே, என் வாயில மண்ணப் போட."

"குறைச்சதால நஷ்டம் ஒண்ணும் இல்ல உம்மா, பதிமுகம் மிச்சம்தான்," என்றது தொப்பிக்குள்ளிருந்து குரல். எல்லாரும் சிரித்தோம். நர்ஸ் வந்து திட்டினாள்.

வாரத்துக்கு ஒன்றாக நாலு வாரம் நரம்பு வழியாக ஒரு மருந்து ஏற்றினார்கள். முதல் ஊசிக்குக் குளிர்க் காய்ச்சல் வந்து நடுங்கினாள். அடுத்ததெல்லாம் பரவாயில்லை. நாலரை ஆறாயிற்று, ஓணத்துக்கு எட்டரை, மழை ஓய்ந்து வெயில் வந்தபோது பத்தரை. நோய் போய்விடவில்லை. அது உள்ளேதான் இருக்கிறது, அடங்கி இருக்கிறது. குளிர் மட்டும் இந்த ஜன்மத்துக்கு ஆகாது, ஐஸைத் தொடவே கூடாது என்று டாக்டர் கண்டித்துச் சொல்லிவிட்டார்.

இறால் ஷெட்டில் ஐஸைத் தொடாமல் என்ன வேலை இருக்கிறது? சேச்சி வேலையை விட்டுவிடுகிறேன் என்று சொல்ல வந்தாள். எங்கள் காண்டிராக்டரை நான் திட்டாத நாள் கிடையாது. ஒரு நிமிடம் தாமதமாக வந்தாலும் மூஞ்சியைக் காட்டுகிற ஆள். அவர் கேட்டுவிட்டு, "டீ போடறவ வேலைய விட்டு நின்னுட்டா. அந்த மூலையில அடுப்பு இருக்கு, ஐஸ் அந்தப் பக்கம் வராது. கம்பளி போட்டுட்டு வந்து நில்லுங்க சேச்சி," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அந்த ஆளுக்கு நான் இன்னும் நன்றி சொல்லவில்லை. சொன்னால் மறுநாள் திட்ட வராது.

இப்போது அவள் எங்களுக்கு டீ போடுகிறாள். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை பஸ் ஏறுவது நிற்கவில்லை. டாக்டர் நாலு கேள்வி கேட்டு முடிப்பதற்குள் இவள் ஆரம்பித்துவிடுகிறாள். முழங்கால் சத்தம் போடுவது, இடது கண் துடிப்பது, வாழைப்பழம் சாப்பிட்டால் ஏப்பம் வருவது, எல்லாம் வரும். டாக்டர் ஷெரின் சிரிக்காமல் எழுதிக்கொள்கிறார். வெளியே வந்ததும் பேபி சேட்டனைப் பார்த்து, வீட்டில் வறுத்த சக்க உப்பேரி, பலாச்சுளை வறுவல், ஒரு பொட்டலம் கொடுக்காமல் இவள் பஸ் ஏறுவதில்லை. அந்த மனுஷன் ஒவ்வொரு தடவையும், "நான் என்ன செஞ்சேன், குழாயப் பிடிச்சேன், அவ்வளவுதானே" என்கிறார். எத்தனை பேர் பிடித்திருப்பார்கள், எத்தனை பேர் கட்டிப்போன ரத்தம் என்று கொட்டியிருப்பார்கள்.

என் மனசு மட்டும் ஆறவில்லை. போன வாரம் ஒரு நாள் எல்லாரும் போன பிறகு அடுப்பு மூலையில் அவளோடு உட்கார்ந்தேன். சொல்லிவிட வேண்டும் என்று வந்திருந்தேன், எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. எனக்குத் திட்டத் தெரியும், மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லை.

"சேச்சி, அன்னிக்கு நீ கையக் காட்டினப்ப நான் ஒழுங்காப் பாத்திருந்தா இவ்வளவு தூரம் போயிருக்காது. நான்தான் உன் வாய அடைச்சேன். என்ன மன்னிச்சிரு," என்றேன்.

தம்ளரைக் கழுவிக்கொண்டிருந்தவள் நிறுத்தினாள். வெந்நீரில்தான் கழுவுகிறாள் என்று பார்த்துக்கொண்டேன்.

"அதையா இத்தன நாள் சுமந்துக்கிட்டுத் திரியற?" என்றாள். "இந்தக் கட்டி வந்த நாள்லேர்ந்து எல்லாரும் என்ன எப்படிப் பாத்தாங்கன்னு உனக்குத் தெரியாது ரோசிலி. பஸ்ல எழுந்து இடம் கொடுத்தாங்க. கல்யாண வீட்டுல நான் வந்தா பேச்சக் குறைச்சுக்கிட்டாங்க. எங்க வீட்டுக்காரரு என் மூஞ்சியப் பாக்கறதுக்கே பயந்தாரு. நீ ஒருத்திதான், எல்லாருக்கும் உள்ளதுதான், வேலையப் பாருன்னு திட்டின. அன்னிக்குப் பூரா நான் நோயாளி இல்லடி. உங்கள்ல ஒருத்தியா இருந்தேன். வீட்டுக்குப் போயும் அதையே நெனச்சுக்கிட்டு நிம்மதியாத் தூங்கினேன். அந்த ஒரு நாள நான் எப்படி மறப்பேன்?"

கொல்லப் பார்த்தவளுக்கு நன்றி சொல்கிறாளே என்று எனக்குக் கோபம் வந்தது. "இந்த மாதிரி இன்னொரு தடவ பேசினா உன் மண்டைய உடைப்பேன்," என்று கத்தினேன். கத்தும்போதே அழுதுவிட்டேன். ஏழு வருடத்துக்கு முன்னால் என் அம்மா செத்தபோது அழுதது, அதற்குப் பிறகு இப்போதுதான்.

அவள் என்னைத் தேற்ற வரவில்லை. அழ விட்டாள். கொஞ்ச நேரம் கழித்து, "உனக்குச் சாப்பிடறப்ப தொண்டையில ஏதோ அடைக்குதுன்னு போன மாசம் கேலியாச் சொன்னியே, அது இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டாள்.

"அது ஒண்ணும் இல்ல, எல்லாருக்கும்..." என்று ஆரம்பித்தேன்.

"நாளைக்குக் காலையில ஏழு மணி பஸ்," என்றாள். "நான் கூட வரேன்."